எந்த விண்மீனைச் சுற்றித் தூசு இருக்கும்?

(உத்திரமேரூரில் நிகழ்ந்த அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)

உத்திரமேரூரும் காவலூரும் ஏறக்குறைய ஒரே அட்சரேகையில் இருக்கின்றன. ஒன்று காஞ்சிபுரம் மாவட்டத்து ஏரிப் பாசன ஊர். மற்றது சவ்வாது மலைக் காட்டுக்குள் வானாய்வகம் அமைந்த சிற்றூர். இரண்டும் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே பன்னிரண்டரைப் பாகைக்குச் சற்று மேலே உள்ளன. கிழக்கு மேற்காகப் பார்த்தால் இடைவெளி ஒரு பாகைக்கும் குறைவு. எனவே ஒரு விண்மீன் உத்திரமேரூரில் உச்சிக்கு வந்து நான்கு நிமிடம் கழிவதற்குள் காவலூரிலும் உச்சிக்கு வந்துவிடும். காவலூர்த் தொலைநோக்கிகள் அரை நூற்றாண்டுக்கு மேலாகப் பார்த்துவரும் வானம்தான் இந்த ஊர் ஏரிக்கரைக்கு மேலும் விரிந்திருக்கிறது. அந்த வானத்தில் வெறுங்கண்ணுக்கே தெரியும் சில விண்மீன்களைச் சுற்றிக் குளிர்ந்த தூசு வட்டமிடுகிறது. அந்தத் தூசு மட்டும் கண்ணுக்குத் தெரியாது. எந்த விண்மீனுக்கு அது உண்டு, எதற்கு இல்லை, அதை எப்படிச் சொல்வது என்பதே இந்தச் சொற்பொழிவின் பொருள்.

கதை 1983-இல் தொடங்குகிறது. அந்த ஆண்டு ஜனவரி 25 அன்று ஐராஸ் என்ற செயற்கைக்கோள் ஏவப்பட்டது. அமெரிக்கா, நெதர்லாந்து, பிரிட்டன் மூன்றும் சேர்ந்து செய்த அகச்சிவப்புத் தொலைநோக்கி அது. திரவ ஹீலியத்தில் குளிரூட்டப்பட்டு, சுமார் பத்து மாதம் வேலை செய்தது. எந்த அளவுகோலையும் முதலில் சரிபார்க்க வேண்டும். அதற்கு வானியலாளர்கள் வழக்கமாக எடுத்துக்கொள்வது வேகா விண்மீனை. இந்திய மரபில் அபிஜித் என்று பெயர் பெற்றது அது. 25 ஒளியாண்டு தொலைவு, வெண்ணீல நிறம், நன்கு ஆராயப்பட்ட ஒளி. அதனிடமிருந்து எந்த அலைநீளத்தில் எவ்வளவு வரும் என்று கணக்குப் போட்டுச் சொல்லிவிடலாம்.

கணக்கு பொய்த்தது. 60 மைக்ரான், 100 மைக்ரான் அலைநீளங்களில் எதிர்பார்த்ததைவிடப் பல மடங்கு வெப்பக் கதிர் வந்தது. இப்படி வந்தால் கருவியைச் சந்தேகிப்பதுதான் முறை. ஹார்ட்மட் ஆமன், ஃபிரெட் கில்லெட் இருவரும் அதைத்தான் செய்தார்கள். மற்ற விண்மீன்களை அதே கருவி சரியாகவே அளந்தது. மிகை வேகாவிடமிருந்துதான் வருகிறது என்பது உறுதியானது. விண்மீனைச் சுற்றி ஏதோ ஒன்று அதன் ஒளியை உறிஞ்சிச் சூடேறி, அந்தச் சூட்டைக் கதிராக வெளியிடுகிறது. ‘சூடு’ என்றாலும் அது சுமார் 85 கெல்வின்தான். அதாவது உறைநிலைக்கு 188 பாகை கீழே.

மனித உடலின் வெப்பக் கதிர் 10 மைக்ரானை ஒட்டி உச்சம் தொடும். பொருள் குளிரக் குளிர அந்த உச்சம் நீண்ட அலைகளை நோக்கி நகரும். 50 கெல்வினில் இருக்கும் தூசு 60 மைக்ரானை ஒட்டிப் பேசும். அந்த அலைகளைப் பூமியின் காற்றிலுள்ள நீராவி விழுங்கிவிடும். வடகிழக்குப் பருவமழையில் குளிக்கும் சமவெளிக்கு மட்டுமல்ல, காவலூர் மலைக்கும் இதே கதிதான். அதனால்தான் விண்வெளிக்குப் போக வேண்டியிருந்தது. டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் ஹைதராபாத்திலிருந்து பலூனில் கட்டி அனுப்பிய ஒரு மீட்டர் தொலைநோக்கியும் இந்தக் காரணத்துக்காகவே மேலே போனது; ஆனால் அதன் கவனம் பெரும்பாலும் விண்மீன்கள் பிறக்கும் மேகங்கள் மீது இருந்தது.

ஐராஸ் வேகாவோடு நிற்கவில்லை. ஃபோமல்ஹாட், பீட்டா பிக்டோரிஸ், எப்சிலான் எரிடானி ஆகிய மூன்றும் அதே மிகையைக் காட்டின. 1984-இல் பிராட்ஃபோர்டு ஸ்மித்தும் ரிச்சர்டு டெரிலும் சிலி நாட்டு லாஸ் கம்பனாஸ் ஆய்வகத்தில், பீட்டா பிக்டோரிஸின் ஒளியைத் தொலைநோக்கிக்குள்ளேயே ஒரு மறைப்பால் மறைத்துப் படம் எடுத்தார்கள். விண்மீனின் இரு பக்கமும் நேர்கோடாக ஒளி நீண்டிருந்தது. தட்டையான வட்டு ஒன்று விளிம்புப் பக்கமாகத் தெரிந்தது. ஊகமாக இருந்த வட்டுக்கு முதல் ஒளிப்படம் அதுதான்.

இந்தத் தூசு விண்மீன் பிறந்தபோது மிஞ்சியது என்றுதான் முதலில் தோன்றும். அப்படி இருக்க முடியாது. விண்மீனின் ஒளிக்கு அழுத்தம் உண்டு. வேகா போன்ற பிரகாசமான விண்மீனில் அந்த அழுத்தம் சில மைக்ரானுக்குச் சிறிய துகள்களை ஊதி வெளியே தள்ளிவிடும். சற்றுப் பெரிய துகள்கள் ஒன்றோடொன்று மோதி நொறுங்கும், அல்லது மெல்லச் சுழன்று உள்ளே விழும். விண்மீனின் ஆயுளோடு ஒப்பிட்டால் தூசின் ஆயுள் மிகக் குறைவு. ஆகவே இன்று தூசு தெரிகிறது என்றால் இன்றும் அதை யாரோ அரைத்துக்கொண்டிருக்கிறார்கள். வால்மீன் அளவும் சிறுகோள் அளவும் உள்ள பாறைகளும் பனிக்கட்டிகளும் அங்கே மோதிக்கொள்கின்றன. நெப்டியூனுக்கு அப்பால் சூரியனுக்கும் இப்படியொரு வளையம் உண்டு. கைப்பர் பட்டை என்பார்கள். தூசு வட்டு என்று சொன்னாலும் தேடப்படுவது உண்மையில் அந்தப் பாறைக் கூட்டத்தைத்தான். இதை விட்டுவிட்டால் பின்னால் வரும் எதுவும் புரியாது.

எவ்வளவு தூசு என்பதற்கும் ஓர் அளவு உண்டு. விண்மீனின் மொத்த ஒளியில் எத்தனை பங்கைத் தூசு உறிஞ்சித் திருப்பி அனுப்புகிறது என்று பார்ப்பார்கள். பீட்டா பிக்டோரிஸில் ஆயிரத்தில் இரண்டு பங்குக்கு மேல். வேகாவில் லட்சத்தில் இரண்டு பங்கு. சூரியனின் கைப்பர் பட்டைக்குக் கோடியில் ஒரு பங்கு என்ற அளவில்தான் மதிப்பிடப்படுகிறது. பழைய கணக்குவழக்குக்குப் பழகிய தமிழ் எண்ணுப் பெயர்கள் இந்த அறிவியலுக்கு வெகு பொருத்தமாக வந்து விழுகின்றன.

எந்த விண்மீனுக்கு வட்டு இருக்கும் என்பது ஒரு தகுதிக் கேள்வி. தகுதி என்று பேச்சு வந்தால் உத்திரமேரூரில் வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரை விட்டுவிட்டுப் பேச முடியாது. முதலாம் பராந்தகனின் காலத்தில், 919-லும் 921-லும் வெட்டப்பட்ட கல்வெட்டுகள், ஊர்ச் சபையின் வாரியங்களுக்கு யாரைத் தேர்ந்தெடுக்கலாம் என்று விதித்தன. கால் வேலிக்கு மேல் வரி செலுத்தும் நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவராக இருக்கக் கூடாது. முதல் கல்வெட்டில் வயது வரம்பு 30 முதல் 60 வரை. இரண்டே ஆண்டில் அது 35 முதல் 70 என்று மாறியது. இந்தத் தகுதிகள் எல்லாம் இருந்தாலும் ஒருவர் வாரியத்துக்கு வந்துவிட மாட்டார். பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் இட்டு, விவரம் அறியாத ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் சொல்வார்கள். தகுதி ஒருவரைக் குடத்துக்குள் கொண்டுபோகும்; வெளியே வருவது சீட்டு. தூசு வட்டு விஷயத்திலும் நாற்பது ஆண்டுத் தேடல் சொல்வது இதையே. விண்மீனின் இயல்புகள் வாய்ப்பைக் கூட்டும், குறைக்கும். முடிவு அவற்றின் கையில் இல்லை.

முதல் இயல்பு விண்மீனின் வகை. வெப்பம் மிகுந்தவை முதல் குறைந்தவை வரை ஏ, எஃப், ஜி, கே, எம் என்று வரிசைப்படுத்துவார்கள். வேகா, ஃபோமல்ஹாட், பீட்டா பிக்டோரிஸ் மூன்றும் ஏ வகை. சூரியன் ஜி. 2003-இல் ஏவப்பட்ட ஸ்பிட்சர் தொலைநோக்கி, ஏ வகை விண்மீன்களில் ஏறத்தாழ மூன்றில் ஒன்று 70 மைக்ரானில் மிகை காட்டுவதைக் கண்டது. 2009 முதல் 2013 வரை வேலை செய்த ஐரோப்பாவின் ஹெர்ஷல், அருகிலுள்ள சூரியன் போன்ற விண்மீன்களில் சுமார் ஐந்தில் ஒன்றுக்குக் குளிர்ந்த வட்டு இருப்பதைக் காட்டியது. எம் வகைச் செங்குள்ளன்கள்தான் எண்ணிக்கையில் மிக அதிகம். வட்டு தெரிந்தவை மிகக் குறைவு. 32 ஒளியாண்டில் இருக்கும் ஏயூ மைக்ரோஸ்கோபி அவற்றில் பேர்போன விதிவிலக்கு. இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. மங்கலான விண்மீன் தன் தூசைச் சூடேற்றாது. சூடேறாத தூசு கதிரை வீசாது. செங்குள்ளன்களிடம் தூசு குறைவா, இருந்தும் தெரியவில்லையா என்பது இன்னும் தீராத வழக்கு.

இரண்டாவது வயது. இதுதான் கனமான தகுதி. பீட்டா பிக்டோரிஸுக்கும் ஏயூ மைக்ரோஸ்கோபிக்கும் சுமார் இரண்டு கோடி ஆண்டு. இரண்டும் ஒரே கூட்டத்தில் பிறந்தவை. வேகாவும் ஃபோமல்ஹாட்டும் நாற்பது கோடியைத் தாண்டியவை. பாறைகள் மோத மோதக் கையிருப்பு கரையும். விண்மீனுக்கு அருகே சுற்றுப்பாதை சிறியது, வேகம் அதிகம், மோதல் அடிக்கடி நிகழும். அங்கிருக்கும் வெப்பத் தூசு பதினைந்து கோடி ஆண்டு போன்ற காலத்தில் பெரிதும் தேய்ந்துவிடுகிறது. நூறு வானியல் அலகுக்கு (ஓர் அலகு என்பது பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரம்) அப்பால் எல்லாம் நிதானம். அங்கே ஒரு சுற்றுக்கே நூற்றுக்கணக்கான ஆண்டு ஆகும். குளிர்ந்த வட்டு நெடுங்காலம் தாக்குப்பிடிப்பதற்குக் காரணம் இந்த மந்தம்தான்.

ஆனால் ஒரு விண்மீனின் வயதை எப்படித் தெரிந்துகொள்வது? இங்கே சென்னையில் பிறந்த ஒருவர் வருகிறார். வேணு பாப்பு 1957-இல் ஆலின் வில்சனோடு சேர்ந்து, விண்மீன் ஒளியில் கால்சியத்தின் கே கோட்டுக்குள் தெரியும் சிறு பிரகாசக் கீற்றை ஆராய்ந்தார். அந்தக் கீற்றின் அகலம் விண்மீனின் உண்மை ஒளிர்வைச் சொல்லிவிடும் என்பது வில்சன்–பாப்பு விளைவு. அகலம் ஒளிர்வைச் சொன்னது. கீற்றின் வலிமை வயதைச் சொல்லும் என்று பின்னால் தெளிந்தது. சூரியன் போன்ற விண்மீன் இளமையில் வேகமாகச் சுழலும், காந்தச் செயல்பாடு மிகும், கீற்று வலுவாக இருக்கும். முதுமையில் சுழற்சி தளர, கீற்றும் மங்கும். தூசு வட்டுத் தேடலில் சூரியன் வகை விண்மீன்களை வயதுவாரியாகப் பிரிக்க இன்றும் இது கைகொடுக்கிறது. காவலூர் ஆய்வகத்தைக் கட்டியெழுப்பிய பாப்பு 1982 ஆகஸ்டில் காலமானார். ஐராஸ் மேலே போனது அதற்கு ஐந்து மாதம் கழித்து. 1986-இல் காவலூரின் 2.34 மீட்டர் தொலைநோக்கிக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது.

வயதை அறிய இன்னொரு வழி விண்மீனின் நடை. விண்மீன்கள் அமைதியான வாயு மேகத்தில் பிறக்கின்றன. பிறக்கும்போது அவற்றின் வேகங்களில் பெரிய வேறுபாடு இருக்காது. பால்வழியில் சுற்றிவரும்போது பெரும் மேகங்களின் ஈர்ப்பில் சிக்கித் தடுமாறி, காலப்போக்கில் ஆளுக்கொரு திசையில் சிதறும். ஒரு விண்மீனை வைத்து இதைச் சொல்ல முடியாது. கூட்டமாக எடுத்தால் வேகச் சிதறலே வயதுச் சான்று. பெங்களூரின் இந்திய வானியற்பியல் நிறுவனத்தைச் சேர்ந்த பி. மனோஜும் எச்.சி. பட்டும் 2005-இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் செய்தது. ஹிப்பார்கோஸ் செயற்கைக்கோள் அளந்த இடப்பெயர்ச்சிகளைக் கொண்டு வேகா போன்ற தூசு விண்மீன்களின் வேகச் சிதறலைக் கணக்கிட்டார்கள். கூட்டமாகப் பார்த்தால் அவை சாதாரண விண்மீன்களைவிட இளையவை. தூசின் பங்கு எதில் அதிகமோ அதன் சிதறல் குறைவு, அதாவது வயது குறைவு. புதிய தொலைநோக்கி எதுவும் இல்லாமல், இருந்த அளவீடுகளைப் புதிய கேள்வியோடு படித்ததால் கிடைத்த முடிவு இது. இதே இருவர் 2000-இல், இந்த விண்மீன்களின் ஒளியில் தளவிளைவு (ஒளி அலைகள் ஒரே தளத்தில் அதிர்வது) வழக்கத்தைவிட மிகுந்திருப்பதைக் காட்டினார்கள். தட்டையான வட்டிலுள்ள துகள்களில் பட்டுச் சிதறும் ஒளிக்கு இந்தக் குணம் வரும். அகச்சிவப்புச் செயற்கைக்கோள் இல்லாமலே, தரையிலிருந்து கண்ணுறு ஒளியைக் கொண்டே தூசைத் தொட்டுப் பார்க்கும் வழி இது.

மூன்றாவதாக எல்லோரும் எதிர்பார்த்தது உலோகச் செறிவு. ஹீலியத்தைவிடக் கனமான எல்லாத் தனிமங்களையும் வானியலாளர்கள் உலோகம் என்றே சொல்வார்கள். இரும்பு மிகுந்த விண்மீன்களுக்கு வியாழன் போன்ற பெருங்கோள்கள் கிடைக்கும் வாய்ப்பு கூடுதல் என்பது நிறுவப்பட்ட செய்தி. தூசும் பாறையும் அதே சரக்கால் ஆனவை. ஆகவே வட்டும் அப்படித்தான் இருக்கும் என்று எதிர்பார்த்தார்கள். ஸ்பிட்சர் அளவீடுகளில் அந்தத் தொடர்பு தென்படவில்லை. உலோகம் குறைந்த விண்மீனும் வட்டு வைத்திருக்கிறது. பெருங்கோள் உருவாக அவசரம் உண்டு: சுற்றியுள்ள வாயு சில பத்து லட்சம் ஆண்டுக்குள் கலைந்துபோகும் முன் கரு திரண்டாக வேண்டும். வால்மீன் அளவுக் கட்டிகளுக்கு அந்த அவசரம் இல்லை. இந்தத் துறையில் மிக அழகான முடிவு இதுதான் என்று சொல்லத் தோன்றுகிறது. எதிர்பார்த்தது கிடைக்காமல் போனதால்தான் கோளும் தூசும் வேறு வேறு கால அட்டவணையில் உருவாகின்றன என்பது புரிந்தது.

துணை விண்மீனும் கணக்கில் உண்டு. மிக நெருங்கிய இரட்டைகளைச் சுற்றியும், வெகுதூரம் விலகிய இரட்டைகளில் ஒன்றைச் சுற்றியும் வட்டு நிலைக்கிறது. மூன்று முதல் ஐம்பது வானியல் அலகு வரையான இடைப்பட்ட தூரத்தில் துணை இருந்தால் வட்டுகள் அரிது.

தகுதிப் பட்டியல் இவ்வளவுதான். எல்லாத் தகுதியும் உள்ள இளம் ஏ வகை விண்மீன்களிலும் பலவற்றில் தூசு தெரிவதில்லை. முதலில் எவ்வளவு சரக்கு இருந்தது, உள்ளே உருவான கோள்கள் எவ்வளவை வெளியே வீசியெறிந்தன, அண்மையில் பெரிய மோதல் ஏதும் நேர்ந்ததா என்பவை விண்மீனின் முகத்தில் எழுதியிருக்காது. ஃபோமல்ஹாட்டே நல்ல சான்று. 2008-இல் அதன் வட்டுக்குள் ஒரு கோளைப் படம்பிடித்ததாக அறிவித்தார்கள். ஆண்டுக்கு ஆண்டு அந்தப் புள்ளி விரிந்து மங்கிக் கடைசியில் காணாமலே போனது. இரண்டு பெரும் பாறைகள் மோதிச் சிதறிய தூசு மேகம்தான் அது என்று 2020-இல் ஆண்ட்ராஸ் காஸ்பாரும் ஜார்ஜ் ரீக்கும் விளக்கினார்கள். கோள் என்று பெயர் வைத்தது போனாலும், வட்டுகளைப் பராமரிக்கும் மோதல் ஒன்று நடந்த சுவட்டை நேரிலேயே பார்த்ததாயிற்று.

தவறாக எண்ணுவதில் தமிழ்நாட்டுக்கும் ஒரு பங்குண்டு. நுங்கம்பாக்கத்தில் இயங்கிய சென்னை வானாய்வகத்தின் டபிள்யூ.எஸ். ஜேக்கப் 1855-இல், 70 ஒபியூக்கி என்ற இரட்டை விண்மீனின் பாதையில் ஒழுங்கின்மை இருப்பதாகவும் அதற்குக் காரணம் ஒரு கோளாக இருக்கலாம் என்றும் எழுதினார். வேற்று விண்மீனின் கோளைப் பற்றி அளவீட்டை வைத்து எழுந்த மிகப் பழைய உரிமைக்கோரல்களில் அது ஒன்று. பின்னர் நிலைக்கவில்லை. தூசு வட்டிலும் அதே அபாயம் உண்டு. கார்த்திகைக் கூட்டத்தைத் தொலைநோக்கியில் படமெடுத்தால் நீலத் தூசுப் போர்வை தெரியும். அது அந்த விண்மீன்களின் சொந்தத் தூசு அல்ல. அவை இப்போது கடந்துபோகும் வழிப்போக்கு மேகம். மிகைக் கதிரை மட்டும் வைத்து முடிவு கட்டினால் வழித் தூசும் வட்டாகிவிடும். விண்மீனுக்குப் பின்னால் வெகுதொலைவில் உள்ள ஒரு விண்மீன் திரளும் அதே ஏமாற்றைச் செய்யும். இவற்றைக் கணினி எளிதில் பிரிக்காது என்பதால், 2014-இல் நாசா ‘டிஸ்க் டிடெக்டிவ்’ என்ற திட்டத்தில் வைஸ் என்ற அகச்சிவப்புச் செயற்கைக்கோளின் படங்களைப் பொதுமக்களிடமே கொடுத்தது. படம் வட்டமாக இருக்கிறதா, பக்கத்தில் வேறு பொருள் ஒட்டியிருக்கிறதா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல வேண்டும். பட்டம் தேவையில்லை. அப்படிப் பார்த்தவர்கள் வழியாக, நாலரைக் கோடி ஆண்டு வயதிலும் வாயு வட்டை விடாத ஒரு செங்குள்ளன் 2016-இல் வெளிச்சத்துக்கு வந்தது. அந்த வயதில் அது இருக்கவே கூடாது என்றுதான் நூல்கள் சொல்லிவந்தன.

முதியவர்களிலும் விதிவிலக்கு உண்டு. டவ் செட்டி 12 ஒளியாண்டுத் தொலைவில் இருக்கும் சூரியன் போன்ற விண்மீன். சூரியனைவிட மூத்தது என்றே கருதப்படுகிறது. அதன் வட்டில் கைப்பர் பட்டையைப்போலப் பத்து மடங்குக்கு மேல் சரக்கு இருப்பதாக 2004-இல் அளவிட்டார்கள். 460 கோடி வயதான சூரியன் ஏன் இவ்வளவு ஏழை? பெருங்கோள்கள் இளமையில் இடம்பெயர்ந்தபோது பெரும்பகுதியை வெளியே தள்ளிவிட்டன என்பது பரவலான விளக்கம். மிஞ்சியதில் உள்பகுதி வெப்பத் தூசை மட்டும் வெறுங்கண்ணால் பார்க்கலாம்: பிப்ரவரி, மார்ச் மாதங்களில் நிலவில்லாத மாலை இருட்டியபின், விளக்கொளி இல்லாத கரையில் நின்றால், மேற்கில் அடி அகன்று நுனி குறுகிச் சாய்ந்து எழும் மங்கல் ஒளி அது. வெளியே இருக்கும் குளிர் தூசு அப்படிக்கூடத் தெரியாது. டவ் செட்டியிலிருந்து ஒருவர் ஹெர்ஷல் தரத்துத் தொலைநோக்கியைச் சூரியன் பக்கம் திருப்பியிருந்தால், தூசு இல்லாத விண்மீன் என்றே பதிவேட்டில் எழுதியிருப்பார். அந்தக் கருவி பத்து லட்சத்தில் ஒரு பங்குக்குக் கீழே இறங்குவதே கடினம்.

இந்த அவையில் இருப்போர் தேடிப் பார்க்க விரும்பினால் திசைக் குறிப்பு இது. ஆகஸ்ட், செப்டம்பர் மாலையில் வடக்கே உயரத்தில் அபிஜித். நவம்பர் மாலையில் தெற்கே பாதி உயரத்தில், சுற்றிலும் பிரகாசமான மீன் எதுவும் இல்லாமல் தனித்து நிற்பது ஃபோமல்ஹாட். ஜனவரி இறுதியில் இரவு ஒன்பது மணிக்குத் தெற்கு நோக்கினால் அகத்தியர் விண்மீன் தெரியும். அதற்கு வலப்புறம் ஆறு பாகை தள்ளிச் சற்று மேலே, அடிவானத்திலிருந்து 26 பாகை உயரத்தில் மங்கலாக இருப்பது பீட்டா பிக்டோரிஸ். ஐரோப்பாவின் பெரும்பகுதியிலிருந்து அது எழுவதே இல்லை.